பழைய மடிக்கணினியில் பைத்தான்: எதில் எழுதிப் பழகுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேர்ணாம்பட்டில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறீர்கள். பி.காம். படித்தவர். தொழிலாளர்களின் வருகைப் பதிவையும் மிகைநேரக் கூலியையும் மாதா மாதம் எக்செலில் கையால் கூட்டிக் கழித்து அலுத்துப்போய், பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டால் இந்த வேலை குறையுமே என்று நினைக்கிறீர்கள். கையில் இருப்பது பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 4 ஜிபி ரேம். நிரல் எழுதுவதற்கு மைத்துனர் பைசார்ம் என்ற மென்பொருளைப் போடச் சொல்கிறார். வேலூரில் நீங்கள் விசாரித்த பயிற்சி மையம் விஎஸ் கோட் என்கிறது. அலுவலகத்தில் ஒருவர், நோட்பேடில் எழுதிப் பழகினால்தான் உண்மையான படிப்பு என்கிறார். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தம்பிக்கு, சி மொழியில் நிரல் எழுதும் பழைய மென்பொருளான டர்போ சியில் பாடம் நடக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே மென்பொருள் போதுமா, கைபேசியில் படிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

எது சிறந்தது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. தவறான ஒன்றில் தொடங்கிவிட்டால் பின்னால் எல்லாவற்றையும் மறுபடி கற்க வேண்டியிருக்குமா, இந்தக் கணினி போதாது என்றால் கடன் வாங்கிப் புதிது வாங்க வேண்டியிருக்குமா என்பதுதான் உங்கள் கவலை. இரண்டுக்கும் என் பதில், ‘வேண்டியிருக்காது’ என்பதே. ஏன் என்று விளக்குகிறேன். காட்பாடிப் பக்கம் கல்லூரி ஆய்வகத்திலும் பிறகு மாலை வகுப்புகளிலும், வாழ்க்கையில் முதல் முறையாக நிரல் எழுதுகிறவர்களின் பக்கத்தில் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பெரிய மென்பொருள் நிறுவனங்களில் நூறு பேர் சேர்ந்து ஒரே நிரலை எழுதும் இடத்தில் என்ன வசதி என்பது என் துறை அல்ல. அந்தக் கோணத்திலிருந்து இதை எழுதவில்லை.

ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் எழுதும் பைத்தான் நிரல் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. எந்த மென்பொருளில் எழுதிச் சேமித்தாலும் அதை வேறு எதிலும் திறக்கலாம். ஓர் எழுத்துகூட மாறாது. டேலியில் வைத்திருந்த கணக்கை வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு நீங்கள் பயப்படலாம். அந்தப் பாடு இங்கே கிடையாது. இன்று தேர்ந்தெடுப்பதை மூன்று மாதம் கழித்து விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போனால், எழுதியது அத்தனையும் கூடவே வரும். புதிதாகப் பழக வேண்டியது சில பொத்தான்களின் இடம் மட்டுமே, அதற்கு ஒரு மாலை போதும். ஆகவே இதை ஆயுளுக்கும் சேர்த்து எடுக்கும் முடிவாக நினைத்துத் தவிக்காதீர்கள்.

இந்தப் பெயர்களைக் கேட்டுக் குழம்புகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். பைத்தான் என்பது நிரலைப் படித்து அதன்படி வேலை செய்யும் மென்பொருள். விஎஸ் கோட் போன்றவை நீங்கள் நிரலைத் தட்டச்சு செய்வதற்கான இடம். விஎஸ் கோடை நிறுவினால் பைத்தான் தானாக வந்துவிடாது. அதைத் தனியாக நிறுவி, இதோடு இணைக்க வேண்டும். அதற்கென்று ஒரு நீட்சியும், அதாவது கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருளும், போட வேண்டும். விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது முதல் திரையின் அடியில் ‘பாத்’ என்ற சொல்லோடு ஒரு கட்டம் இருக்கும். அது டிக் செய்யப்படாமல்தான் வரும். அவசரத்தில் அதைக் கவனிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்திவிடுவார்கள். பிறகு கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் பைத்தான் என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரும், அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். நிரலில் ஒரு வரிகூட எழுதாமலேயே, இது நமக்கு வராது என்று ஒதுங்கிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் எந்தக் குறையும் இல்லை. முதல் நாளில் அவர்கள் மேல் வைக்கக் கூடாத பாரத்தை வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

அதனால் என் பரிந்துரை தான்னி. எஸ்தோனியா நாட்டின் தார்த்து பல்கலைக்கழகத்தில், நிரலாக்கம் புதிதாகக் கற்கிறவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட இலவச மென்பொருள் அது. பைத்தானையும் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு வருகிறது. ஒரே கோப்பைப் பதிவிறக்கி நிறுவினால் போதும். பாத் கட்டம், நீட்சி, இணைப்பு எதுவும் வேண்டாம். 4 ஜிபி ரேமில் சிரமமில்லாமல் ஓடும். திறந்ததும் மேலே எழுதும் இடம், கீழே விடை வரும் இடம், வேறு ஒன்றும் கண்ணை உறுத்தாது. ஆனால் நான் இதைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் எளிமை அல்ல. நிரல் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை இது கண்ணுக்குக் காட்டுகிறது.

உங்கள் வேலையிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு தொழிலாளி மூன்று மணி நேரம் மிகைநேரம் பார்த்திருக்கிறார், மணிக்கு 150 ரூபாய். பயனரிடம் மணி நேரத்தைக் கேட்டு வாங்கி, அதை 150-ஆல் பெருக்கி, விடையை அச்சிடும் நிரலை எழுதுகிறீர்கள். மூன்றே வரி. ஓட்டி, 3 என்று தட்டுகிறீர்கள். 450 வரும் என்று பார்த்தால், திரையில் 3 என்ற எண் 150 முறை வரிசையாக வந்து நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பைத்தான் தன் கணக்குப்படி சரியாகத்தான் செய்திருக்கிறது. விசைப்பலகையிலிருந்து ‘இன்புட்’ வாங்கித் தருவது எண் அல்ல, எழுத்துச் சரம். ஒரு சரத்தை 150-ஆல் பெருக்கு என்றால் அதை 150 முறை திரும்ப எழுதுவதுதான் பைத்தானின் வழக்கம்.

மற்ற மென்பொருள்களில் இந்த இடத்தில் ஒரு மணி நேரம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். தான்னியில் ‘வியூ’ பட்டியலில் ‘வேரியபிள்ஸ்’ என்பதைத் திறந்துவைத்துக்கொண்டால், வலப்பக்கத்தில் ஒவ்வொரு மாறியும் (மதிப்பைப் போட்டுவைக்க நீங்கள் வைத்த பெயர்) அதன் மதிப்பும் தெரியும். அங்கே மணி நேரத்துக்கு எதிரே வெறும் 3 இருக்காது. மேற்கோள் குறிகளுக்குள் 3 இருக்கும். அந்த இரண்டு சிறு குறிகளைப் பார்த்த மாணவர் அதற்குப் பிறகு சரத்தையும் எண்ணையும் குழப்பிக்கொள்வது அரிது. அதை முழு எண்ணாக மாற்றும் ‘இன்ட்’ செயற்கூற்றைச் சேர்த்து மறுபடி ஓட்டினால் குறிகள் மறைந்து வெறும் 3 நிற்கும், விடை 450 என்று வரும். சாதாரணமாக ஓட்டுவதற்குப் பதிலாக, பூச்சிப் படம் போட்ட பொத்தானை அழுத்தி ஒவ்வொரு படியாகவும் நகர்த்தலாம். அப்போது ஒரு வரிக்குள்ளேயே எந்தப் பகுதி முதலில் கணக்கிடப்படுகிறது, அதன் இடத்தில் எந்த மதிப்பு வந்து உட்காருகிறது என்பதையும் காட்டும். மடக்கு (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது), செயற்கூறு (ஒரு வேலைக்குப் பெயர் வைத்து வேண்டும்போது அழைப்பது) என்று பாடம் போகும்போது இந்த வசதியின் அருமை தெரியும். முதல் இரண்டு மாதம் தினமும் ஒரு நிரலையாவது இப்படிப் படிப்படியாக நகர்த்திப் பாருங்கள். மற்ற அறிவுரைகள் எல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை, இதை மட்டும் விடாதீர்கள்.

அடுத்து உங்கள் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்பது. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. நீங்கள் வாங்கிய ஆண்டைப் பொறுத்து அதில் விண்டோஸ் 7 இருக்கலாம், அதற்குப் பிந்தையது இருக்கலாம். விண்டோஸ் 7-இல் பைத்தான் 3.8 வரைதான் நிறுவ முடியும், 3.9-இலிருந்து அது ஏற்காது. புதிய விஎஸ் கோடும் அதில் ஓடாது. தான்னியில் மட்டும், விண்டோஸ் 7-க்காகவும் 32 பிட் கணினிகளுக்காகவும் பைத்தான் 3.8-ஐ உள்ளே வைத்துத் தனி நிறுவல் கோப்பு ஒன்றைத் தந்திருக்கிறார்கள். கற்கத் தொடங்க 3.8 போதும், பாடத்தில் எதுவும் விட்டுப்போகாது.

ஆனாலும் முடிந்தால் 3.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் பழகுங்கள் என்பேன். காரணம், பிழைச் செய்திகள். ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால், பழைய பதிப்புகள் பெரும்பாலும் அதற்கு அடுத்த வரியைக் காட்டிப் பிழை என்று சொல்லும். அந்த வரியில் தவறே இருக்காது. கற்கிறவர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு, சரியாக இருப்பதை மாற்றி மாற்றி எழுதிக் கெடுப்பார். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலிருந்து, திறந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை என்று அது திறந்த இடத்தையே சுட்டிக்காட்டுகிறது. ஒரு பெயரைத் தப்பாகத் தட்டினாலும், நீங்கள் சொல்ல வந்தது இதுவா என்று சரியான பெயரை எடுத்துத் தருகிறது. பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் இரவில் தனியாகப் படிக்கிற உங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு ஒரு வழி, அந்தக் கணினியில் விண்டோஸ் போன்ற மற்றோர் இயங்குதளமான லினக்ஸ் போடுவது. அரசு தந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது அதைவிட லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பழைய இயந்திரங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். பணம் கட்ட வேண்டாம், பைத்தான் அதிலேயே இருக்கிறது, தான்னியை அதன் மென்பொருள் பட்டியலிலிருந்தே நிறுவலாம். அலுவலக எக்செல் வேலைக்கு விண்டோஸ் வேண்டும் என்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வட்டில் இருக்கும் படங்களையும் கோப்புகளையும் முன்பே பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஐடில் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். விண்டோஸில் பைத்தானோடு சேர்ந்தே வரும் எழுதுமிடம் அது. தமிழ்நாடு பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலும் அதை வைத்துத்தான் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. தான்னியை நிறுவ ஏதாவது தடை வந்தால் ஐடிலில் தொடங்குங்கள், ஒரு குறையும் இல்லை.

பைசார்ம் நல்ல மென்பொருள். தொழில்முறையாகப் பைத்தான் எழுதுகிறவர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஆனால் அதைத் தயாரிக்கும் ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனமே 8 ஜிபி ரேம் பரிந்துரைக்கிறது. 4 ஜிபி கணினியில் அதைத் திறந்தால் கோப்புகளை அட்டவணைப்படுத்தி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கூடவே உலாவியையும் திறந்தால் எல்லாம் நின்றுவிடும். இரவு சமையலை முடித்துவிட்டு ஒரு மணி நேரம் படிக்க உட்காருகிறவருக்கு, அதில் கால் மணி நேரம் சுழலும் வட்டத்தைப் பார்ப்பதில் போகக் கூடாது. மைத்துனரிடம் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

விஎஸ் கோட் இடைப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் மிக அதிகமாகப் பயன்படும் எழுதுமிடங்களில் ஒன்று. பயிற்சி மையம் அதைச் சொன்னதில் தவறில்லை. ஆனால் உள்ளுக்குள் அது குரோம் உலாவியின் அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது, ஆகவே நினைவகத்தை அதற்கேற்ற அளவு எடுத்துக்கொள்ளும். 4 ஜிபியில் ஓடும், நீட்சிகளை அடுக்கிக்கொண்டே போனால் திணறும். மற்றொரு சிரமம், அது ஒரு கோப்பை விட ஒரு கோப்புறையைத் திறந்து வேலை செய்வதையே எதிர்பார்க்கிறது. ஒற்றைக் கோப்பை மட்டும் திறந்து ஓட்டினால், அதே கோப்புறையில் இருக்கும் எக்செல் கோப்பு கண்ணெதிரே இருந்தும் காணவில்லை என்று பிழை வரக்கூடும். இதெல்லாம் பழகிவிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் மாறி என்றால் என்ன என்று கற்கும் வாரத்திலேயே இதையும் கற்க வேண்டுமா?

நோட்பேடில் எழுதினால்தான் படிப்பு என்பதை நான் ஏற்கவில்லை. அதில் ஓர் உண்மை இருக்கிறது: எல்லாச் சொல்லையும் மென்பொருளே எடுத்துக் கொடுத்தால் கையில் பாடம் நிற்காது. அது என் அனுபவத்தில் தோன்றிய கருத்து. நிறுவப்பட்ட உண்மையாக அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கே பொருள் உண்டு. நோட்பேட் அதைப் பார்த்துக்கொள்ளாது. ஓர் இடத்தில் டேப் விசையும் இன்னோர் இடத்தில் இடைவெளி விசையும் கலந்துவிட்டால் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், ஓட்டினால் பிழை வரும். கற்கிறவரைக் காரணமில்லாமல் வதைப்பது கண்டிப்பான பயிற்சி ஆகாது.

இதோடு சேர்ந்த மற்றொரு விஷயம், இப்போது எழுதுமிடங்களுக்குள்ளேயே வந்துவிட்ட செயற்கை நுண்ணறிவு உதவி. நீங்கள் இரண்டு சொல் தட்டுவதற்குள் மீதி பத்து வரியைச் சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டும், டேப் விசையை அழுத்தினால் சேர்ந்துவிடும். விஎஸ் கோடுக்குப் போகும்போது அமைப்புகளில் அதை நிறுத்திவைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதுவும் என் கருத்துதான், எதிர்க்கருத்து உள்ள நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் எழுதப் போவது கூலிக் கணக்கு. அது தவறாக வந்தால் ஒரு தொழிலாளியின் சம்பளம் குறையும். அந்தப் பத்து வரியில் எது தவறு என்று பார்க்கத் தெரியும் நிலைக்கு வந்த பிறகு உதவி வாங்கினால் போதும்.

கைபேசியில் படிக்கலாமா என்ற கேள்விக்கு: ஆண்ட்ராய்டில் பைடிராய்டு என்ற செயலி இருக்கிறது, வேலூருக்குப் போகும் பஸ்ஸில் ஐந்து வரி எழுதிப் பார்க்க நன்றாக இருக்கும். முழுப் பாடத்தையும் அதில் நடத்த முடியாது; சின்ன விசைப்பலகையில் அடைப்புக்குறிக்கும் இடைவெளிக்கும் அலைந்தே நேரம் போய்விடும். உலாவியிலேயே ஓடும் கூகுள் கோலாப் இலவசம், எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் அதில் நிரலைத் துண்டு துண்டாக எழுதி எந்த வரிசையிலும் ஓட்டலாம் என்பதால், மேலே இருப்பதை மாற்றிவிட்டு மறுபடி ஓட்ட மறந்துபோய், பழைய மதிப்பிலேயே விடை வந்துகொண்டிருக்கும். அடிப்படை பிடிபட்ட பிறகு அது அருமையான கருவி, முதல் மாதத்துக்கு அல்ல. இதில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையின் சம்பளப் பட்டியலையோ வருகைப் பதிவையோ கோலாப் உட்பட எந்த இணையதளத்திலும் ஏற்றிப் பழகாதீர்கள். அதில் மற்றவர்களின் பெயர், வங்கிக் கணக்கு, பிஎஃப் எண் எல்லாம் இருக்கும். கற்பனைப் பெயர்களோடு பத்து வரிசை உள்ள ஒரு தாளை நீங்களே தயாரித்து, அதில் பழகுங்கள்.

இனி தம்பியின் கேள்வி. டர்போ சி, போர்லண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்டது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்தின் 16 பிட் மென்பொருள் என்பதால் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற உறைக்குள் வைத்துத்தான் இன்றைய கணினிகளில் ஓட்டுகிறார்கள். தன் காலத்தில் அது மிகச் சிறந்த கருவி. நம் பக்கத்தில் ஒரு தலைமுறையே அதில்தான் சி கற்றது. ஆனால் இன்று அதில் மட்டும் பழகுவதால் என்ன நேர்கிறது என்று தம்பியையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாண்டில் எல்லாரும் எழுதும் தொடர்பெருக்கல் நிரல், அதாவது ஃபேக்டோரியல். சாதாரண ‘இன்ட்’ மாறியை வைத்து எழுதி, 7 கொடுத்தால் 5040 என்று சரியாக வரும். 8 கொடுத்தால் 40320 வர வேண்டும். டர்போ சியில் -25216 வரும்.

நிரலில் தவறு தேடி அலைய வேண்டாம். டர்போ சியில் அந்த வகை மாறிக்கு 16 பிட் இடம்தான், அதில் 32767 வரைதான் அடங்கும். அதற்கு மேல் போனால் எண் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடும். இன்றைய ஜிசிசி கம்பைலரில் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) அதே மாறிக்கு 32 பிட், ஆகவே 40320 சரியாக வரும். 12-இன் தொடர்பெருக்கல் வரைக்கும் தாங்கும். 13 கொடுத்தால் அங்கேயும் தவறுதான்: 6227020800-க்குப் பதிலாக 1932053504 வந்து நிற்கும். கழித்தல் குறி இல்லாததால் பார்ப்பதற்குச் சரியான விடை மாதிரியே இருக்கும், அதனால் இது முன்னதைவிட ஆபத்து. இந்த இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்த மாணவர், மாறியின் அளவு என்பதை வரையறையாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பைத்தானில் நீங்கள் 100-இன் தொடர்பெருக்கலைக் கேட்டாலும் முழுதாக வரும். அங்கே முழு எண்ணுக்கு இப்படி வரம்பு வைக்கவில்லை.

தம்பி கல்லூரி ஆய்வகத் தேர்வை அங்கே இருக்கும் மென்பொருளில்தான் எழுத வேண்டும், அதைப் பற்றி ஆசிரியரிடம் சண்டை போட வேண்டாம். வீட்டில் கோட் பிளாக்ஸ் என்ற சி எழுதுமிடத்தை வைத்துக்கொள்ளட்டும். அதன் பதிவிறக்கப் பக்கத்தில் மிங்டபிள்யூ என்ற பெயர் சேர்ந்த கோப்பை எடுக்க வேண்டும். கம்பைலர் அதில்தான் இருக்கிறது. பெயர் சேராத சிறிய கோப்பை எடுத்தால் எழுத மட்டும் முடியும், ஓட்ட முடியாது. பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் படித்திருந்தால் டெவ் சி பிளஸ் பிளஸ் பழக்கமாக இருக்கும், அதுவும் சரியே. வீட்டில் எழுதும்போது திரையைத் துடைக்கும் ‘கிளியர்ஸ்க்ரீன்’ கட்டளையும், அதைத் தரும் கோனியோ தலைப்புக் கோப்பும் வேண்டாம். அவை சி மொழியின் தரத்தில் இல்லாதவை. ‘மெயின்’ செயற்கூற்றின் முன் ‘வாய்டு’ என்று எழுதாமல் ‘இன்ட்’ என்று எழுதிப் பழகட்டும். இவ்வளவு மாற்றம்தான். இருவருக்கும் ஒரே மென்பொருள்தான் வேண்டும் என்றால் ஜீனி என்ற சிறிய எழுதுமிடம் சி, பைத்தான் இரண்டையும் ஓட்டும். லினக்ஸில் குறிப்பாக நன்றாக இருக்கும். ஆனால் மென்பொருளை மிச்சப்படுத்துவதில் எந்த லாபமும் இல்லை. இரண்டும் இலவசம், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் செலவழிக்க மனம் இருந்தால் புதுக் கணினிக்குப் போகாமல், உள்ளே இருக்கும் பழைய வன்வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டைப் போடச் சொல்லுங்கள். குடியாத்தத்திலோ வேலூரிலோ கணினி பழுது பார்க்கும் கடையில் செய்து தருவார்கள். நான் பார்த்த பழைய மடிக்கணினிகளில் இதைப்போல் வித்தியாசம் காட்டிய மாற்றம் வேறில்லை. சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது படுக்கையிலோ தலையணையிலோ வைத்து வேலை செய்யாதீர்கள். காற்றுத் துளை அடைபட்டுச் சூடேறினால் இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் மென்பொருளைக் குறை சொல்வீர்கள். பேட்டரி செத்துப்போயிருந்தால் மின்தடைக்கு முன் சேமிக்கும் பழக்கம் வேண்டும். கோப்புக்கு முதலிலேயே ஒரு பெயர் கொடுத்துவிட்டால், தான்னி ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தானே சேமித்துவிடும். அந்தப் பெயர் மட்டும் பைத்தானின் உள்ளே ஆயத்தமாக இருக்கும் நிரல் தொகுப்புகளின் பெயராக இருக்கக் கூடாது. தற்செயல் எண்களைப் பற்றிய பாடத்துக்கு ‘ரேண்டம்’ என்றே பெயர் வைத்துவிட்டு, புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதியும் ஓடவில்லை என்று வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருப்பார்கள். பைத்தான் தன் தொகுப்புக்குப் பதிலாக உங்கள் கோப்பையே எடுத்துப் படிப்பதால் வரும் சிக்கல் அது.

எப்போது தான்னியை விட்டு விஎஸ் கோடுக்குப் போகலாம்? மாதக் கணக்கு எதுவும் சொல்ல மாட்டேன். உங்கள் நிரல் ஒரே கோப்பில் அடங்காமல் மூன்று நான்கு கோப்புகளாகப் பிரியும்போது, தேடுவதற்கே நேரம் போகிறது என்று நீங்களே உணர்வீர்கள், அப்போது போங்கள். எக்செல் வேலைக்காக மட்டும் அவசரப்பட வேண்டாம். எக்செல் கோப்புகளைப் படிக்கும் ஓப்பன்பைஎக்செல் என்ற தொகுப்பைத் தான்னியின் ‘டூல்ஸ்’ பட்டியலிலேயே தேடி நிறுவிக்கொள்ளலாம். அதில் உங்களைப் போன்ற கணக்கர்கள் முதலில் தடுக்கும் இடத்தை இப்போதே சொல்லிவைக்கிறேன்: சூத்திரம் உள்ள கட்டத்தைப் படித்தால் அது விடையைத் தராது, சூத்திரத்தையே எழுத்தாகத் தரும். மதிப்பு மட்டும் வேண்டும் என்று கோப்பைத் திறக்கும்போதே கேட்க வேண்டும். அப்படிக் கேட்டாலும் எக்செல் கடைசியாகக் கணக்கிட்டுச் சேமித்த மதிப்புதான் வரும். அந்தத் தொகுப்பு தானாக எதையும் கணக்கிடாது. அசல் கோப்பின் மேல் எழுதாமல் எப்போதும் நகலில் வேலை செய்யுங்கள்.

இப்போதைக்கு எனக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு விவரம். மடிக்கணினியில் ‘கம்ப்யூட்டர்’ அல்லது ‘திஸ் பிசி’ படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்தால், விண்டோஸ் எந்தப் பதிப்பு என்றும் 32 பிட்டா 64 பிட்டா என்றும் இருக்கும். அந்த இரண்டையும் இங்கேயே எழுதுங்கள். தான்னியின் எந்த நிறுவல் கோப்பை எடுக்க வேண்டும் என்று சொல்கிறேன்.